பேர் எழுதாத மனு

எங்கள் தாலுகா ஆபீஸ் வாசலில் அப்போது மனு எழுதுகிறவர்கள் நாலு பேர் இருந்தார்கள். மூன்று பேர் பேனாக்காரர்கள். நாம் என்ன சொன்னாலும் அப்படியே எழுதி, மேலே ஒரு கும்பிடு, கீழே ஒரு கும்பிடு போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். நாலாவது ஆள் ஒரு பெண். டைப்ரைட்டர் வைத்திருந்தது அவர் ஒருவர்தான். மனு கொடுக்க வந்தவனோடேயே சண்டை போட்டதும் அவர் ஒருவர்தான்.

அவர் பேரை இங்கே எழுதப்போவதில்லை. சிலர் பர்மாக்காரம்மா என்றார்கள், சிலர் டைப்படிக்கிறம்மா என்றார்கள். எனக்கு எப்போதும் அந்தம்மாதான். ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்களில் ஒருவர். புங்கமரத்தடியில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் டைப்ரைட்டர், அதன் பக்கத்தில் ஒரு கல், கல்லின்மேல் பாதி புகைத்து அணைத்த சுருட்டு. ஆமாம், சுருட்டுப் பிடிப்பார். பூப்போட்ட லுங்கியைப் பாவாடைபோல் சுற்றிக்கொண்டு, மேலே வெள்ளைச் சட்டை. முதல் தடவை பார்த்தபோது நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். “கொசு போயிரும், வாயை மூடுங்க” என்றார். அதுதான் எங்கள் அறிமுகம்.

நான் அப்போது எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் கிளார்க்கு. கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, ரயில் தண்டவாளத்தை ஒட்டின ஊர். வாரத்துக்கு இரண்டு தடவையாவது தாலுகா ஆபீசுக்குப் போகவேண்டியிருக்கும். போனால் அந்தப் புங்கமர நிழலைத் தாண்டித்தான் போகணும்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. யார்மேல் புகாரோ அவர் பேரை டைப் அடிக்க மாட்டார். அந்த இடத்தைக் காலியாக விட்டுக்கொண்டே போவார். மனு முழுக்க அடித்து முடித்ததும் தாளை உருவி எடுத்து, மனு கொண்டுவந்தவனுக்கு எதிரிலேயே உரக்கப் படித்துக் காட்டுவார். காலி இடம் வரும்போதெல்லாம் மனு கொண்டுவந்தவன் பேரையே போட்டுப் படிப்பார். அவன் அதைக் காதால் கேட்டு, சரி, இவ்வளவு நியாயம்தான், இது எனக்கே நேர்ந்தாலும் நான் தாங்கிக்கொள்வேன் என்று சொன்னால்தான் தாளைத் திரும்ப மாட்டி எதிராளி பேரை அடிப்பார். பாதிப் பேர் திட்டிவிட்டுப் பேனாக்காரர்களிடம் போய்விடுவார்கள். மீதிப் பேர் தலையைச் சொறிந்துகொண்டு, “அந்தக் கடும் தண்டனைன்னு போட்டீங்களே, அத்த மட்டும் எட்துடுங்கம்மா” என்பார்கள்.

ஒரு தடவை பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். ஏரியில் மீன் பிடிக்க அங்கே குப்பத்துக்குக் குப்பம் முறை வைத்துக்கொள்வார்கள், பாடு என்று பேர். இவர்களுடைய பாடு நாளில் பக்கத்துக் குப்பத்துக்காரன் வலை போட்டுவிட்டான் என்று புகார். திருடர்கள், ஊர்க் கட்டுப்பாட்டை மதிக்காதவர்கள், வலைகளைப் பறிமுதல் செய்யணும் என்று ஆவேசமாகச் சொல்லி அடிக்கவைத்தார். அந்தம்மா பெரியவருடைய குப்பத்தின் பேரைப் போட்டு நிதானமாகப் படித்தார். பெரியவர் முகம் சுருங்கியது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்து, “அது போன வருசம் நாங்க பண்ணதாச்சே. ஒனக்கு ஆரு சொன்னா?” என்று கேட்டார். அந்தம்மா சிரித்த சிரிப்பில் ஆபீஸ் உள்ளேயிருந்து பியூன் எட்டிப் பார்த்தான். பெரியவரும் சிரித்துவிட்டார். மனுவைக் கிழித்து மடியில் செருகிக்கொண்டு பஸ்ஸேறிப் போனார்.

நான் மட்டும் தப்பினேனா? எங்கள் ஊர்க் குழாய் ரிப்பேர்க்காரன் ஒழுங்காக வருவதில்லை, வேலையைவிட்டு நீக்கணும் என்று ஒரு மனு கொண்டுபோனேன். ‘மேற்படி பஞ்சாயத்து கிளார்க்கு செவ்வாய்க்கிழமைகளில் ஆபீசையே திறப்பதில்லை’ என்று அவர் தானாக ஒரு வரி சேர்த்துப் படித்தபோது எனக்குக் காது சூடாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை நான் மாமனார் வீட்டுக்குப் போவது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை தெரியாது.

இந்தப் பழக்கம் எங்கே பிடித்தது என்று ஒருநாள் கேட்டேன். மத்தியானம், கூட்டமில்லை. அவர் தூக்குப்பாத்திரத்தைத் திறந்து, வாழைத்தண்டு போட்ட மீன்சாற்றில் சேமியா மாதிரி எதையோ ஊறவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ரங்கூன்ல எங்க தெருவைப் பத்தி ஒரு மனு போச்சு. இவங்களை நம்ப முடியாது, நாட்டுக்கு ஆபத்து, கணக்கெடுத்து வெளியே அனுப்புங்கன்னு. நான் அப்ப ஒரு ஆபீஸ்ல டைப்பிஸ்டு. அந்த மனு என் மேசைக்குத்தான் வந்துச்சு. நான்தான் அடிச்சேன். கையெழுத்துப் போட்டவங்கள்ல பாதிப் பேரு எங்க வீட்டுக்காரரு கடையில சோப்பு வாங்கினவங்க. நல்ல மனுசங்கதான்.”

“உங்க தெருவப் பத்தின மனுவ நீங்களேவா அடிச்சீங்க?”

“சம்பளம் வாங்குற வேலை. பேரோட சேர்த்து அடிச்சேன். எழுத்துப்பிழை ஒண்ணுகூட இல்லாம” என்றார். அப்புறம் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டார். 

இனி நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். ஆந்திரா மலைப்பக்கம் தீவிரவாதிகள் நடமாட்டம் என்று டீக்கடையில் ஒரே பேச்சு. எங்கள் ஊரிலிருந்து ஆந்திரா எல்லை கூப்பிடு தூரம்தான். யாராவது தெரியாத ஆள் தெருவில் போனால் பத்துக் கதவு சாத்தும். அப்படியிருக்கும்போது மாசி மாதம் ஒரு காலையில், இரண்டு தண்டவாளத்தைச் சேர்த்துப் பிடிக்கிற இரும்புப் பட்டையில் நாலு போல்ட்டைக் காணோம். தண்டவாளம் பார்த்துக்கொண்டு வந்த கேங்மேன் கண்ணில் பட்டதால் சிவப்புக் கொடியைக் காட்டி மெயில் வண்டியை நிறுத்தினார். இல்லையென்றால் எத்தனை உயிர் போயிருக்கும்! எங்களுக்கு உண்டான பயம் பொய்ப்பயம் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பயம் உண்மை. ஆனால் அந்தப் பயத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. ஏரிக்கரையில் தண்டவாளத்துக்குக் கிட்டே இருபத்திரண்டு குடிசைகளில் இருளர்கள் இருந்தார்கள். எங்கள் வயல்களில் எலி பிடிப்பார்கள், வீட்டுக்குள் பாம்பு வந்தால் வந்து பிடித்துக்கொண்டு போவார்கள், விறகு வெட்டுவார்கள். அவர்களில் கன்னியப்பன் என்று ஒருவன். என் வீட்டு நெல் மூட்டைகளுக்குள் புகுந்த நல்லபாம்பை வெறுங்கையால் இழுத்தவன். அவனுக்கு என் அம்மா சோறு போட்டது கொல்லைப்புறத்தில், இலையில். தண்ணீரைத் தூக்கி ஊற்றினாள், அவன் கையேந்திக் குடித்தான். அதில் தப்பிருப்பதாக எனக்கு அன்றைக்குத் தோன்றவேயில்லை.

பள்ளிக்கூடத்தில் ஊர்க்கூட்டம் நடந்தது. பஞ்சாயத்துப் பிரசிடெண்டு எழுந்தார். நிலபுலன் உள்ளவர், வாய் பெரிசு, மனசும் கெட்டதில்லை.

“ராவுல கடப்பாரைய எட்துக்கினு சுத்தறவன் ஆரு? இருளன். தண்டவாளத்தாண்ட குந்திக்கினு கீறவன் ஆரு? இருளன். இதுக்கு மேல இன்னா சாட்சி ஓணும்?”

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கடப்பாரை எலிவளை தோண்ட என்பது அங்கிருந்த ஒவ்வொருத்தருக்கும் தெரியும். மனு வாசகத்தை எழுதச் சொல்லி என்னிடம் விட்டார்கள். நன்றாகவே எழுதினேன். குடியிருப்பு முழுவதும் காலை ஆறு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் போலீஸ் ஸ்டேஷனில் ஆஜராகணும், இரும்புக் கருவிகளைப் பிடுங்கணும், சந்தேகப்பட்டவனை விசாரணைக்குக் காத்திருக்காமல் அடைத்துவைக்கணும், நாளடைவில் ஏரிக்கரையையே காலி செய்யணும். ‘தேசத்தின் பாதுகாப்பை முன்னிட்டு’ என்று ஒரு வரி போட்டேன். பிரசிடெண்டு அந்த வரியை மட்டும் மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

மறுநாள் எட்டுப் பேர் புங்கமரத்தடிக்குப் போனோம். அந்தம்மா மளமளவென்று அடித்தார். பேர் வரவேண்டிய ஏழு இடமும் காலி. தாளை உருவினார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

“‘எங்கள் ஊர் மேட்டுத்தெருவில் வசிப்பவர்கள் பரம்பரையாக நம்பத்தகாதவர்கள் ஆதலால்...’” என்று ஆரம்பித்தார். மேட்டுத்தெரு எங்கள் தெரு. பிரசிடெண்டு, நான் உட்பட வந்திருந்த எட்டுப் பேரும் அந்தத் தெருதான். “‘மேட்டுத்தெருவில் உள்ள ஆண், பெண், குழந்தைகள் அனைவரும் தினம் இருவேளை ஸ்டேஷனில் ஆஜராகி...’”

“நிறுத்தும்மா!” பிரசிடெண்டு கத்தினார். “இன்னா வெளாட்றியா? பாம்பு புடிக்கறவனும் நாங்களும் ஒண்ணா?”

“ஒண்ணுன்னு நான் சொல்லலைங்க. தைச்ச சட்டையைப் போட்டுப் பாருங்கன்னுதான் சொல்றேன். உங்களுக்குப் பிடிக்குதுன்னா அடுத்தவனுக்கும் கொடுக்கலாம்.”

“எங்களுக்கு எதுக்கு அந்தச் சட்ட? நாங்க தப்பு பண்ணல.”

“அவங்க பண்ணினதை யாரு பாத்தா?”

“பாக்கணுமா இன்னா? அவங்கள பத்தி ஊருக்கே தெரியும்” என்றார் பிரசிடெண்டு. நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம்.

அந்தம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் டைப்ரைட்டரைப் பார்த்தேன். அவர் தாளை என் கையில் கொடுத்துவிட்டார்.

“ஒருதரம் அடிச்சது போதும். இதுல நான் பேர் அடிக்க மாட்டேன். வேணும்கிறவங்க கையால எழுதிக்குங்க.”

“எய்துய்யா கிளார்க்கு” என்றார் பிரசிடெண்டு. அங்கேயே ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து ஏழு இடத்திலும் என் கையால் ‘இருளர் குடியிருப்பு’ என்று எழுதினேன். கீழே பிரசிடெண்டு கையெழுத்து, அதற்கடுத்தது என் கையெழுத்து. பிறகு ஊருக்குக் கொண்டுபோனோம், ஊர் மொத்தமும் போட்டது.

பத்து நாளில் உத்தரவு வந்தது. எங்கள் ஊருக்கு இவ்வளவு வேகமாக எதுவும் வந்ததில்லை. குழாய்க்குக் கொடுத்த மனு மூன்று வருஷமாகக் கிடப்பில் கிடந்தது.

இருபத்திரண்டு குடிசையும் தினம் இரண்டு தடவை நாலு மைல் நடந்து போய், பதிவேட்டில் கைநாட்டு வைத்துவிட்டு, நாலு மைல் திரும்பியது. இடுப்பில் குழந்தை, தலையில் மூட்டை, கிழவர்கள் கையில் கோல். சாயங்காலம் அவர்கள் எங்கள் தெருமுனையைக் கடக்கிற நேரத்தை வைத்து நான் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்திருக்கிறேன். ஒரு நாளைக்குப் பதினாறு மைல் நடக்கிறவன் எங்கே விறகு வெட்டுவான்? உலை வைக்க அரிசி இல்லாமல் போனது. கன்னியப்பன் ஒருநாள் கடப்பாரையைக் கொடுக்க மாட்டேன், அதுதான் எனக்குச் சோறு போடுகிறது என்று சொல்லியிருக்கிறான். அதுபோதும். கடப்பாரையையும் பிடுங்கி அவனையும் சப்ஜெயிலில் போட்டார்கள்.

என் அம்மா, “இப்பத்தான்டா நிம்மதியா தூங்கறேன்” என்றாள். ஊரே அப்படித்தான் சொன்னது. ஆனால் நவரை நெல் கதிர் வாங்கியபோது வயலில் எலி புகுந்து ஆடியது. பிடிக்க ஆளில்லை. அப்போதும் யாருக்கும் உறைக்கவில்லை. எலியைத் திட்டினோம்.

கன்னியப்பன் பெண்டாட்டி பொம்மி அந்தம்மாவிடம் போனாளாம். அந்தம்மா காசு வாங்காமல் மனு அடித்துக் கொடுத்து, தானே ஆபீஸ் ஆபீசாக அலைந்தாராம். ஒன்றும் நடக்கவில்லை. இதெல்லாம் எனக்குப் பியூன் சொல்லித்தான் தெரியும். நான் அந்தப் பக்கம் போவதையே விட்டிருந்தேன். பின்வாசல் வழியாக ஆபீசுக்குள் போய் வந்துகொண்டிருந்தேன். அந்தம்மா திட்டுவார் என்று பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பயமில்லை.

சித்திரைக் கடைசியில் ஒருநாள் சாயங்காலம், வெயில் இன்னும் தணியவில்லை, அதே தண்டவாளத்தில் மறுபடியும் நாலு போல்ட்டைக் காணோம். ஐந்தரைக்குப் பார்த்தபோது இருந்தது, ஆறே காலுக்கு இல்லை. கேங்மேன் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அந்த நேரத்தில் இருபத்திரண்டு குடிசையும், குழந்தை குட்டி உட்பட, நாலு மைலுக்கு அப்பால் ஸ்டேஷன் வாசலில் கைநாட்டு வைக்க வரிசையில் நின்றுகொண்டிருந்தது. கன்னியப்பன் ஜெயிலில் இருந்தான். நாங்கள் எழுதிக் கேட்டு வாங்கிய பதிவேடே அவர்களுக்குச் சாட்சியாகிவிட்டது.

மூன்றாம் நாள், புதிதாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த பக்கத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் ஸ்பானரும் சாக்குமாக இரண்டு பேர் பிடிபட்டார்கள். ஒருவன் பிரசிடெண்டுக்கு அக்கா மகன். இன்னொருவன் என் தம்பி.

தம்பிக்கு இருபது வயது. பள்ளிப் படிப்பு முடிந்து, கம்பெனி வேலைக்குக் காத்திருந்தவன். ஸ்டேஷனில் போய்ப் பார்த்தேன். “சினிமாக்கு டப்பு இல்லண்ணா. நாலு போல்ட்டுதானே. வண்டி கவுந்துடும்னு நெனக்கவே இல்லண்ணா” என்று அழுதான். முதல் தடவையும் அவன்தான். நான் தேசத்தின் பாதுகாப்பை முன்னிட்டு எழுதிக்கொண்டிருந்தபோது, அடுத்த அறையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

தெருவே பிரசிடெண்டு வீட்டில் கூடியது. “வயசுப் பசங்க, தெரியாத பண்ணிட்டானுங்க” என்றார்கள். “நல்ல குடும்பத்துப் புள்ளைங்க” என்றார்கள். “கூட்டு சரியில்ல” என்றார்கள். அதே தண்டவாளம், அதே நாலு போல்ட்டு. ஒருத்தர் வாயிலும் தீவிரவாதி என்ற வார்த்தை வரவில்லை. மேட்டுத்தெருக்காரர்கள் ஸ்டேஷனுக்கு நடக்கணும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. 

பையன்களை விடச் சொல்லி மறுபடியும் மனு. மறுபடியும் புங்கமரத்தடி. டைப் அடித்த மனுவுக்குத்தான் மதிப்பு என்று பிரசிடெண்டு பிடிவாதம் பிடித்ததால் வேறு வழியில்லை. அந்தம்மா எங்களை வைது தீர்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தாளையும் கார்பனையும் மாட்டிவிட்டு, “சொல்லுங்க” என்றார். நான் சொல்லச் சொல்ல அடித்தார். முறையான விசாரணையில்லாமல் யாரையும் அடைத்துவைக்கலாகாது. ஒருவர் செய்த குற்றத்துக்காக ஒரு தெருவையே குற்றவாளியாகப் பார்க்கலாகாது. பிறந்த இடத்தை வைத்து ஒருவர்மேல் பழி போடலாகாது. என் வாயிலிருந்து வந்த வார்த்தைகள்தான். தம்பி உள்ளே இருந்தால் நியாயம் என்னமாய் ஊறுகிறது!

அடித்து முடித்துத் தாளை உருவினார். ‘யாரையும்’, ‘ஒரு தெருவையே’ என்று நான் சொன்ன இடங்களைக் காலியாக விட்டிருந்தார். படித்தார். “‘கன்னியப்பனை முறையான விசாரணையில்லாமல் அடைத்துவைக்கலாகாது. ஏரிக்கரை இருளர் குடியிருப்பு முழுவதையும் குற்றவாளியாகப் பார்க்கலாகாது...’” முழுக்கப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “இந்தத் தடவை சட்டை பொருந்துதுங்களா?”

பிரசிடெண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இதுல ரெண்டு தரப்புப் பேரும் வரும். முதல்ல அவங்க, அப்புறம் உங்க பிள்ளைங்க. ஒரே மனு. சம்மதம்னா இப்பவே அடிக்கிறேன். இல்லைன்னா அந்த மூணு பேனாவும் சும்மாத்தான் இருக்கு.”

பிரசிடெண்டுக்குக் கோபம் தலைக்கேறியது. “வாய்யா, போலாம். இவகிட்ட இன்னா பேஜாரு?” என்று துண்டை உதறினார். எழுந்தவர்களோடு நானும் எழுந்தேன். இரண்டு எட்டு வைத்தேன். மூன்றாவது எட்டு வரவில்லை.

“அடிங்கம்மா. மொதல்ல கன்னியப்பன் பேரு” என்றேன்.

“தம்பிக்கோசரம் எருவ திங்கறியா?” என்றார் பிரசிடெண்டு.

“ஆமா, தம்பிக்கோசரந்தான். ஏழு எடத்துல எய்தனது என் கையி. அத்த வெச்சிக்கினு இவனுக்கு மட்டும் நாயம் கேட்டா ஆபீஸரு மூஞ்சில துப்புவாரு. துப்பணும். நீங்க கையெய்த்து போடலன்னா போங்க, நான் ஒருத்தன் போட்றேன்.”

அவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. உதறிய துண்டைத் தோளில் போட்டார். அப்புறம் திரும்பி வந்து, பேனாவைப் பிடுங்குகிற மாதிரி வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அக்கா மகன்மேல் அவருக்கு உயிர்.

ஜமாபந்தி நாள் வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை மேலதிகாரி தாலுகாவுக்கு வந்து, பந்தல் போட்டு, கிராமத்துக் கணக்குகளைப் பார்த்து, எல்லோர் எதிரிலும் மனு வாங்குகிற நாள். பந்தல் நிறைய ஜனம். இருளர்கள் பின்னால் நின்றார்கள். பொம்மி கைக்குழந்தையோடு நின்றாள். அந்தம்மா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார், சுருட்டு இல்லாமல்.

அதிகாரி சின்ன வயசுக்காரர். எங்கள் புது மனுவைப் படித்தார். பைலிலிருந்து பழைய மனுவை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“இந்த மை எழுத்து யாருடையது?”

“என்னுதுங்கய்யா.”

“இந்தப் புது மனு?”

“அதுவும் நான் சொன்னதுதாங்கய்யா.”

பந்தலில் சிரிப்பு கிளம்பியது. அதிகாரி சிரிக்கவில்லை. “இரண்டில் எதை நான் நம்புவது?”

 நான் ஓரடி முன்னால் வந்தேன். “ரெண்டாவதுங்கய்யா. மொதல்ல எய்தனப்ப அது எங்க தலைல உழும்னு நெனக்கல. பயத்துல எய்தனோம். பயந்தது தப்பில்ல, ஆள நாங்களா புட்ச்சிக்கினோம். அவங்க ஒரு தப்பும் பண்ணலங்கய்யா.”

அதைச் சொன்னதும் பின்னாலிருந்து ஒரு குரல். “ஸ்டேஷன் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கய்யா. போல்ட்டு போன அன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக் கைநாட்டை எண்ணிப் பாருங்க. ஒண்ணு குறைஞ்சாலும் என் டைப்ரைட்டரைத் தூக்கிக் கிணத்துல போடுறேன்.” யாரென்று திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லை.

பதிவேடு வந்தது. அதிகாரி ஒவ்வொரு கைநாட்டாக விரலை வைத்து எண்ணினார்.  கன்னியப்பனைத் தவிர ஒரு பேர் குறையவில்லை. அவருக்கு மாஜிஸ்திரேட் அதிகாரமும் இருந்தது. அங்கேயே பேனாவை எடுத்து எழுதினார், எழுதியதை உரக்கப் படித்தார். ஆஜர் உத்தரவு இன்றோடு ரத்து. கன்னியப்பனை இன்றே விடணும். கருவிகளைத் திருப்பிக் கொடுக்கணும். ஏரிக்கரைக் குடிசைகளை யாரும் தொடக்கூடாது. அந்த இரண்டு பையன்கள்மேல் கோர்ட்டில் முறைப்படி வழக்கு நடக்கும், தனிச் சலுகையும் கிடையாது, தனிக் கொடுமையும் கிடையாது.

பின்னாலிருந்து எழும்பிய கூச்சல் பந்தலைத் தூக்கியது. பொம்மி குழந்தையைத் தலைக்குமேல் தூக்கிப்பிடித்து ஆடினாள். ஒரு கிழவன் கோலைத் தூரப்போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதான். பேனாக்காரர்கள் மூன்று பேரும் கைதட்டினார்கள். நான் கூட்டத்துக்குள் அந்தம்மாவைத் தேடினேன். அவர் புங்கமரத்துக்குப் பின்னால் நின்று சுருட்டைப் பற்றவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று தீக்குச்சி அணைந்துபோனது. நான் வாங்கிப் பற்றவைத்துக் கொடுத்தேன்.  என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை, தம்பி உள்ளே இருந்தும்கூட.

மறுநாள் சாயங்காலம் அவர்கள் எங்கள் மேட்டுத்தெரு வழியாக வந்தார்கள். வழக்கம்போல ஓரமாக, தெருமுனையைச் சுற்றிக்கொண்டு அல்ல, தெருவின் நட்டநடுவில். முன்னால் கன்னியப்பன், தோளில் கடப்பாரை. மூன்று மாதத்தில் பாதியாக இளைத்திருந்தான். பக்கத்தில் லுங்கியும் சட்டையுமாக அந்தம்மா. பின்னால் இருபத்திரண்டு குடிசையும். தெருவில் சிலர் உள்ளே போய்விட்டார்கள், சிலர் வாசலில் நின்று பார்த்தார்கள். பிரசிடெண்டு நாற்காலியைவிட்டு எழுந்து நின்றார். ஏன் எழுந்தோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கன்னியப்பன் நேராக என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றான். அடிக்கப்போகிறான் என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

“தம்பிய எப்ப நைனா உட்றாங்க?” என்று கேட்டான். “நான் இருந்த அதே ரூம்புலதான் போட்டுகீறாங்க. சின்னப் பையன், ராவெல்லாம் அயுதுகினு கெடக்குது. நான்தான் சொல்லிக்கினு இருந்தேன், அயாத, அண்ணன் வந்து இட்டுக்கினு பூடும்னு.”

 என் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஜாமீனுக்கு ஆள் ஓணும்னா சொல்லு நைனா. எங்க குடிச மொத்தமும் வர்றோம்” என்றான் கன்னியப்பன். “கைநாட்டு வெக்கறது இப்ப எங்க எல்லாருக்கும் நல்லா பயக்கமாயிடுச்சி.”

அந்தம்மா சிரித்த சிரிப்பு தெருக்கோடிவரைக்கும் கேட்டது. குடிசைக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், ஊர் பார்க்க, வெட்கமேயில்லாமல். அம்மா உள்ளே போய்ப் பெரிய பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். தூக்கி ஊற்றவில்லை. சொம்பை அவன் கையில் கொடுத்தாள்.